கோப்பிப் பை ஆடக்கூடாது
வண்டிக்காரன் பக்கம்: சிங்கப்பூர் வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல டீசல் செலவைப் பத்தி போறபோக்குல நாலு வரி எழுதினேன், டிரைவருக்கு மிச்சம் பிடிக்கக் கத்துக்கொடுக்கலாம் ஆனா வாயால முடியாதுன்னு. அவ்வளவுதான், கடிதம் குவிஞ்சிருச்சு. பாதிப் பேரு ‘அப்ப எதாலதான் முடியும்’னு கேக்கறீங்க, மீதிப் பேரு திட்டறீங்க. சரி, இந்த மாசம் முழுப் பக்கமும் இதுக்கே.

*கேள்வி: துவாஸ்ல ஒரு கம்பெனில டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரா இருக்கேன். ஆறு லாரி, ஆறு டிரைவர். பாஸ் டீசல் பில்லைத் தூக்கி மேசையில போட்டு ‘குறை’ங்கிறாரு. எல்லாரையும் உக்கார வச்சு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன், மெதுவா போங்க, சும்மா சும்மா அமுக்காதீங்கன்னு. தலையாட்டினாங்க, பில்லு ஒரு வெள்ளி (டாலர்) கூட குறையல. அதுல ஒரு அண்ணன் 20 வருஷ சர்வீஸ், ‘தம்பி, எனக்கா ஓட்டச் சொல்லித் தர்றே’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. — துவாஸ் வாசகர்*

அவரு கேட்டது நியாயம்தானே! நானே 17 வருஷம் லாரி ஓட்டிட்டு அப்புறம்தான் ஆளுங்களுக்குப் பழக்கிவிடற வேலைக்கு வந்தவன், என்கிட்ட ஒருத்தர் வந்து ‘மெதுவா போங்க’ன்னு கிளாஸ் எடுத்திருந்தா நானும் தலையாட்டிட்டு போய் என் பாட்டுக்குத்தான் ஓட்டியிருப்பேன். பெரிய லாரிக்கு நம்ம ஊர் எக்ஸ்பிரஸ்வேலயே 60தான், அதுக்கு ஸ்பீட் லிமிட்டர் வேற மாட்டச் சொல்லியாச்சு, இதுக்கும் கீழ எங்க மெதுவா போறது, மாட்டு வண்டியா?

பாஸோட கவலையும் புரியுது. டீசலுக்கு 2017-ல லிட்டருக்கு 10 காசு வரி போட்டாங்க, 2019-ல அது 20 காசாச்சு, அதுக்கு மேல எண்ணெய் விலை ஏறி இறங்கறது தனி. ஆனா லாரில டீசல் பெருசா எங்க வீணாகுதுன்னா பிரேக்லதான். நிக்கிற லாரியை 60-க்குக் கொண்டு போறதுக்கு டீசலை ஊத்தி ஊத்தி வேகம் எடுக்கறோம், 200 மீட்டர் தள்ளி சிவப்பு விளக்கைப் பாத்து பிரேக்கை மிதிச்சு அந்த வேகத்தை அப்படியே சூடாக்கி காத்துல விடறோம், பச்சை விழுந்ததும் மறுபடி முதல்ல இருந்து. சரக்கு ஏத்தின 14 அடி லாரிக்கு இந்த ‘முதல்ல இருந்து’தான் செலவு.

நான் என்ன பண்ணுவேன்னு சொல்றேன். காலைல கோப்பிக்கடைல ஒரு கோப்பி ‘பொங்குஸ்’ வாங்கிக்குவேன், அந்த கயிறு கட்டின பிளாஸ்டிக் பைல ஊத்திக் கொடுப்பாங்களே அதுதான். லாரில ஏறி, டாஷ்போர்டு பக்கம் இருக்கிற கொக்கில மாட்டிடுவேன். பக்கத்து சீட்ல உக்காந்து ஊர்க்கதை மட்டும்தான் பேசுவேன், ஓட்டறதைப் பத்தி மூச்சு விடமாட்டேன். சின்ன நோட்டுல அவரு பிரேக்கை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. பிரேக் பிடிச்சா பை முன்னாடி போய் ‘பொத்’துன்னு இடிக்கும், கிளப்பினா பின்னாடி வரும். முதல் நாள் துவாஸ்ல இருந்து காக்கி புக்கிட் வரைக்கும் ஒரு அண்ணன் ஓட்டினாரு, போய்ச் சேர்றப்ப கோடு 70-ஐத் தாண்டிருச்சு, கோப்பி பாதி தரைல, என் கால்சட்டைல மீதி. அவரே கேட்டாரு, ‘என்னப்பா இது இப்படி ஆடுது?’ன்னு. அந்தக் கேள்வி அவர் வாயிலருந்து வர்ற வரைக்கும் நாம வாயைத் திறக்கக்கூடாது, அதுக்கு முன்னாடி எதைச் சொன்னாலும் அது உங்க கிளாஸ் மாதிரிதான்.

கேட்ட பிறகும் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன், பச்சை மனுசனைப் பாருங்கண்ணேன்னு. நம்ம சிக்னல்ல ரோடு கடக்கறவங்களுக்குப் பச்சை மனுசன் பக்கத்துல நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும்ல, நாம போற திசைக்கு இணையா கடக்கறவங்களுக்கான அந்த மனுசன் 5, 4, 3-ன்னு வந்துட்டா நம்ம விளக்கும் சீக்கிரம் மாறப்போகுதுன்னு அர்த்தம். தூரத்துலயே அது தெரியும். அப்பவே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா லாரி தானா இளைச்சு இளைச்சு வந்து சேரும், பல தடவை நாம போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த பச்சையே விழுந்துரும், நிக்கவே வேண்டாம். உருண்டுக்கிட்டு இருக்கிற லாரியைத் திரும்ப வேகம் எடுக்க வைக்கிறதுக்கும் நின்ன லாரியைக் கிளப்பறதுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு நான் சொல்லியா தெரியணும்? திரும்பி வர்றப்ப 40 சொச்சம் கோடு. நோட்டை அவர் கைல கொடுத்தேன், அவ்வளவுதான் முதல் நாள் பாடம்.

ரெண்டாவது நாள் இடைவெளி. இதுக்குத்தான் சண்டைக்கு வருவாங்க, ‘இடைவெளி விட்டா கார்க்காரன் புகுந்துருவான்’ம்பாங்க. புகுரட்டும், எத்தனை பேருன்னு எண்ணச் சொல்லுங்க. நாங்க எண்ணினதுல அந்த முழு ரோட்டுக்கும் ஏழு கார். ஒரு காருக்கு ரெண்டு ரெண்டு செகண்ட்னு வச்சாலும் 14 செகண்ட் லேட். அதுக்காக முன்னாடி வண்டி பம்பரை மோந்துக்கிட்டே போனா அவன் காலை அசைக்கிறப்பெல்லாம் நாமும் பிரேக்.

மூணாவது நாள் கியர். இஞ்சின் சுத்தற வேகத்தைக் காட்டற ஆர்பிஎம் முள் பச்சைக் கோட்டுக்குள்ள இருக்கறப்பவே அடுத்த கியருக்கு மாத்திடணும், இஞ்சின் கத்தறதைக் கேட்டுட்டு மாத்தறது இல்லை. இதை சீக்கிரமே பிடிச்சுக்குவாங்க.

உங்க 20 வருஷ அண்ணனை முதல்ல பழக்குங்க, கடைசியா இல்ல. அவரு ஒத்துக்கிட்டா மீதி அஞ்சு பேரும் நீங்க சொல்லாமலே ஒத்துக்குவாங்க. இன்னொண்ணு, அவர்கிட்ட நோட்டைக் கொடுத்து நீங்க ஓட்டுங்க, உங்களுக்கு அவரு கோடு போடட்டும். உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?

*கேள்வி: என் மாமனார் பழைய டாக்சி டிரைவர். மண்டாய் ரோடு இறக்கம், மேம்பால இறக்கம் எங்க வந்தாலும் ‘நியூட்ரல்ல போடுங்க மாப்பிள்ளை, எண்ணெய் மிச்சம்’ங்கிறாரு. போடலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாரு. — புக்கிட் பாஞ்சாங் மருமகன்*

மாமனார் ஓட்டின காலத்துக்கு அவரு சொன்னது சரிதான், கார்புரேட்டர் வண்டில காலை எடுத்தாலும் எண்ணெய் உள்ள இறங்கிக்கிட்டேதான் இருக்கும். இப்ப வர்ற இஞ்செக்ஷன் வண்டி, அதாவது கம்ப்யூட்டர் அளந்து எண்ணெய் விடற வண்டி, அப்படி இல்லை. கியர்ல இருக்கறப்ப காலை எடுத்தா சக்கரமே இஞ்சினைச் சுத்த வைக்குது, அதனால கம்ப்யூட்டர் எண்ணெயைச் சுத்தமா நிறுத்திருது. நியூட்ரல்ல போட்டா சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் தொடர்பு அறுந்து போச்சு, இஞ்சின் அணையாம இருக்கறதுக்காகவே எண்ணெய் குடிக்க ஆரம்பிக்குது. அதாவது மிச்சம் பிடிக்கப் போய் செலவு பண்றோம். இதுல இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிற ‘இஞ்சின் பிரேக்’கும் போச்சு, இறக்கத்துல அவசரத்துக்கு வேகம் எடுக்கவும் வழியில்லை.

ஆனா இதையெல்லாம் அவர்கிட்ட விளக்கிக்கிட்டு இருக்காதீங்க, மாப்பிள்ளை பாடம் எடுக்கறாருன்னு ஆயிரும். உங்க கார்ல அந்த நேரத்து எண்ணெய்ச் செலவு காட்டற திரை இருந்தா அதைத் திறந்து வச்சுட்டு அடுத்த இறக்கத்துல கியர்லயே காலை எடுங்க, 0.0-ன்னு காட்டும். அப்புறம் ரோடு காலியா இருக்கற இடமாப் பாத்து ‘நீங்க சொன்ன மாதிரியே போடறேன் மாமா’ன்னு ஒரே ஒரு தடவை நியூட்ரல். நம்பர் ஏறும். அவரே பாத்துக்குவாரு.

*கேள்வி: டாம்ல (தொழிலாளர் விடுதில) இருந்து ஆளுங்களை ஏத்தி இறக்கற லாரி ஓட்டறேன். சைட்டுல காத்திருக்கிற நேரம் இஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்றாங்க. உள்ள அடுப்பு மாதிரி இருக்கு அண்ணே. ஏசி போடாம எப்படி உக்கார்றது? — ஒரு தம்பி, காக்கி புக்கிட்*

தம்பி, சட்டத்தை முதல்ல சொல்லிடறேன், நிறுத்தின வண்டில சும்மா இஞ்சினை ஓடவிடறது இங்க குற்றம், தேசிய சுற்றுப்புற வாரியத்துக்காரங்க வந்தா எழுதிருவாங்க, அது உங்க பேருலதான் வரும். பெரிய டீசல் இஞ்சின் சும்மா நின்னா மணிக்கு ரெண்டு மூணு லிட்டர் குடிக்கும், சின்ன கார்கூட ஒரு லிட்டர் பக்கம். பத்து செகண்டுக்கு மேல நிறுத்தி வைக்கப்போறோம்னா அணைச்சுட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்றதுதான் எண்ணெய்க்கு லாபம், ஸ்டார்ட் பண்ணத்தான் ரொம்ப டீசல் போகும்ங்கிறதெல்லாம் பழைய கதை. அதுக்காக சிக்னல்ல நின்னு நின்னு அணைக்காதீங்க, நான் சொல்றது சைட்டுல, சரக்கு ஏத்தி இறக்கற இடத்துல நிக்கறப்ப.

காலைல அஞ்சு நிமிஷம் சூடு பண்ணணும்னு சிலர் சொல்லுவாங்க, இது என்ன ஜப்பான் பனியா? ஏர் பிரேக் வண்டின்னா காத்து ஏர்ற வரைக்கும் நிக்கணும், இல்லாட்டி ஒரு நிமிஷத்துல கிளம்பி மெதுவா உருட்டினாலே சூடாயிரும். டர்போ வண்டில தூரம் ஓடி வந்து நிறுத்தறப்ப ஒரு நிமிஷம் விட்டு அணைங்க, அது வேற கணக்கு.

இது உங்களுக்கு. இனி உங்க சூப்பர்வைசருக்கு, இந்தப் பக்கத்தை அவர் மேசைல வச்சிருங்க. சார், ஆறு மணி நேரம் வேலை பாத்த டிரைவர் ஆளுங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி குறைஞ்சது 30 நிமிஷம் ஓய்வு கொடுக்கணும்னு 2023-ல இருந்து விதி இருக்கு. அந்த ஓய்வை மூடின கேபின்ல, இஞ்சினை அணைச்சுட்டு, மத்தியான வெயில்ல எடுன்னு சொன்னா அது ஓய்வா? சைட் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலி போடுங்க. நாற்காலி போடாம இஞ்சினை மட்டும் அணைக்கச் சொன்னா டிரைவருக்கு உங்க மேல கோபம்தான் வரும், கோபத்துல இருக்கறவன் கால் ஆக்சிலரேட்டர்ல எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

*கேள்வி: என் வீட்டுக்காரர் ஹைபிரிட் கார் (பெட்ரோல் இஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது) வாடகைக்கு எடுத்து பிரைவேட் ஹையர் (ஆப்ல கூப்பிடற டாக்சி மாதிரி) ஓட்டறாரு. ஹைபிரிட்னாலே மிச்சம்தான்னு அமுக்கு அமுக்குன்னு அமுக்கறாரு, சொன்னா சண்டை. — செங்காங் வாசகி*

நீங்க சொல்லாதீங்கம்மா, புருஷன் பொண்டாட்டி கார்ல டிரைவிங் பாடம் எடுத்து நல்லா முடிஞ்ச கதை நான் கேட்டதில்லை. ஹைபிரிட்ல பிரேக்கை மெதுவா, முன்கூட்டியே பிடிச்சாத்தான் மோட்டார் அந்த வேகத்தைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பும். சட்டுனு அழுத்தினா சாதா பிரேக்கும் சேர்ந்து பிடிச்சு அத்தனையும் சூடாப் போயிரும். ‘நீங்க வாடகை கட்டறது அந்த பேட்டரிக்கும் சேர்த்துத்தான்’னு ஒரு வரி, சாப்பாடு போடறப்ப, அதுவும் அவரு நல்ல மூடுல இருந்தா. பெருங்குடல் வரைக்கும் குலுங்காம வந்த பயணி ஸ்டார் கூடக் கொடுப்பாருன்னும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க, எண்ணெயை விட அது அவர் காதுல ஏறலாம்.

*கேள்வி: பள்ளி விடுமுறைல குடும்பத்தோட கோலாலம்பூர் போறோம். அங்க 110 போலாம், ஜேபில (ஜோகூர் பாரு) பெட்ரோலும் மலிவு, அப்புறம் எதுக்கு மிச்சம் பிடிக்கணும்? — உட்லண்ட்ஸ் வாசகர்*

முக்கால் டேங்க் இல்லாம நம்ம பெட்ரோல் கார் எல்லை தாண்ட முடியாது, 1991-ல இருந்து அதான் கணக்கு, அதனால போறப்ப இருக்கிறது நம்ம ஊரு விலை எண்ணெய். அங்க போனாலும் வெளிநாட்டு நம்பர் பிளேட்டுக்கு ரான் 95 பெட்ரோல் கிடையாது, 97தான் ஊத்தலாம். சரி அது கிடக்கட்டும்.

காத்து எதிர்க்கிற பலம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். 90-ல போறதை விட 110-ல போனா காத்து மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பலமாத் தள்ளும், கூரை மேல பெட்டி கட்டிட்டா இன்னும் மோசம். 350 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா 110-ல 3 மணி 11 நிமிஷம், 90-ல 3 மணி 53 நிமிஷம். 42 நிமிஷம்தான் வித்தியாசம். காஸ்வேல (எல்லைப் பாலத்துல) நீங்க நிக்கப்போற நேரத்துக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு நேரமா. நான்னா 95, 100-ல இடது பக்கமா போவேன், மச்சான்மாருங்க முந்திக்கிட்டுப் போய் யோங் பெங்ல டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க, நானும் போய்ச் சேர்ந்துக்குவேன். கிளம்பறதுக்கு முன்னாடி டயர் காத்தைப் பாருங்க, ஆள், சாமான் எல்லாம் ஏத்திப் போறதுக்கு எவ்வளவுன்னு டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருப்பாங்க.

*கேள்வி: எங்க பாஸ் மாசாமாசம் குறைஞ்ச டீசல் போட்ட டிரைவருக்கு 100 வெள்ளி பரிசுன்னு அறிவிச்சிருக்காரு. நல்ல யோசனைதானே? — பயனியர் வாசகர்*

நல்ல மனசு, கெட்ட கணக்கு. ஒருத்தன் ராத்திரி காலி ரோட்டுல காலி வண்டி ஓட்டறான், இன்னொருத்தன் காலைல ஏஒய்இ எக்ஸ்பிரஸ்வே ஜாம்ல இரும்புக் குழாய் ஏத்திக்கிட்டு நகர்றான். பரிசு யாருக்குன்னு முதல் மாசமே தெரிஞ்சிரும், ரெண்டாவது மாசம் யாரும் முயற்சி பண்ணமாட்டாங்க. மூணாவது மாசம் நல்ல ரூட்டுக்கு அடிதடி.

ஒவ்வொருத்தரையும் அவரோட போன மாசத்தோடயே ஒப்பிடுங்க, அதே வண்டி, அதே ரூட். கணக்கும் லேசுதான். டேங்க் நிரப்பி, பம்ப் முதல் ‘டக்’ அடிச்சதும் நிறுத்திடணும், மீட்டரை எழுதிக்கணும். அடுத்த தடவையும் அதே ஸ்டேஷன், அதே ‘டக்’. 412 கிலோமீட்டர் ஓடி 48 லிட்டர் பிடிச்சா, 412-ஐ 48-ஆல வகுத்தா லிட்டருக்கு 8.6 வருது. ஒரு தடவை அளந்தா நம்பாதீங்க, நாலு தடவை சராசரி எடுங்க. பழக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் சும்மா அளங்க, யாருகிட்டயும் எதுவும் சொல்லாம. இல்லாட்டி எதுல இருந்து குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?

குறைஞ்சா எல்லாருக்கும் பங்கு கொடுங்க. மிச்சமான காசுல பாதி டிரைவருங்களுக்குன்னு ஒரு முதலாளி போட்டாரு, நான் பாத்ததுலயே நல்லா ஓடினது அதுதான். இன்னொண்ணையும் பாஸ்கிட்ட சொல்லி வைங்க, பழக்கிவிட்ட மூணு நாலு மாசத்துல கால் பழையபடி கனமாயிரும், யாரா இருந்தாலும், நான் உள்பட. மாசம் ஒரு தடவை அவரவர் நம்பரை அவரவர் கைல கொடுத்துக்கிட்டே இருக்கணும், சுவத்துல ஒட்டி மானத்தை வாங்காதீங்க.

*கேள்வி: 98 பெட்ரோல் ஊத்தினா கிலோமீட்டர் கூடுமா? — தோ பாயோ வாசகர்*

கார் கையேட்டுல 95-ன்னு போட்டிருந்தா 95. மிச்சத்துக்கு நாசி பிரியாணி சாப்பிடுங்க.

*கேள்வி: கம்பெனில புதுசா ஒருத்தரைப் பழக்கிவிடறதுக்குப் போட்டிருக்காங்க, அவரு பக்கத்து சீட்ல உக்காந்தாலே எனக்குக் கை நடுங்குது, தெரிஞ்சதும் மறந்து போகுது. ஊர்ல இருந்து வந்து லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம்தான் ஆச்சு. — பெயர் வேண்டாம், சுங்கை காடுட்*

எட்டு மாசம்னா நீங்க அதிர்ஷ்டசாலி தம்பி, உங்க கால்ல இன்னும் கெட்ட பழக்கம் ஏறலை, 20 வருஷ அண்ணனுக்கு நான் படற பாட்டுல பாதிகூட உங்களுக்குத் தேவைப்படாது. கை நடுங்கறதுக்கு ஒரு வழி இருக்கு, வாயைத் திறந்துக்கிட்டே ஓட்டுங்க. பாக்கறதை அப்படியே சத்தமா சொல்லுங்க, ‘முன்னாடி பஸ் சிக்னல் போட்டிருச்சு, வெளிய வரப்போகுது, காலை எடுக்கறேன்’, ‘பச்சை மனுசன் 6, நான் போறதுக்குள்ள மாறிரும், விடறேன்’, ‘இந்த வேன் லேன் மாறப் பாக்குது, இடம் விடறேன்’. தமிழ்லயே சொல்லுங்க, அவருக்குப் புரியலைன்னாலும் பரவாயில்லை. பேசறதுக்காகவே கண்ணு தூரமாப் போகும், தூரமாப் பாத்தா பிரேக் தானா குறையும், பக்கத்துல ஆள் இருக்கறதும் மறந்து போயிரும். முதல் நாள் வெக்கமா இருக்கும், ஒரு வாரம் தனியா போறப்ப பேசிப் பழகுங்க. சிக்னல்ல பக்கத்து லாரிக்காரன் பாத்துச் சிரிச்சா போன்ல பேசறேன்னு மட்டும் கையைக் காதுல வச்சுக் காட்டிறாதீங்க, கேமரா இருக்கும்.